புலம்பலுக்குள் இன்னொருவர்

அப்பா போன பிறகு அம்மா அழுததைவிடத் தன்னைத் திட்டிக்கொண்டதுதான் அதிகம். "நான் ஒரு பொறுப்பில்லாதவ. எதையும் நேரத்துக்குச் செய்ய மாட்டேன். எத்தனை தடவ சொன்னாலும் என் மண்டையில ஏறாது." துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், பால்காரரிடம், போனில் நலம் கேட்டவர்களிடம், எல்லோரிடமும் இதே பேச்சு. கேட்டவர்கள் பதறிப்போய், "ஐயோ டீச்சர், நீங்களா? அவரை உள்ளங்கையில வச்சுத் தாங்குனீங்களே" என்பார்கள். அம்மா அதைக் காதில் வாங்கவே மாட்டார்.

அம்மா முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்ததே கிடையாது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட காலண்டரில் குறித்துவைப்பார். அவர் தன்னைப் பொறுப்பில்லாதவள் என்று சொன்னபோது, துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டோம். காலம் போனால் ஆறிவிடும் என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, மாதங்கள் ஓடின, ஏழாவது மாதத்திலும் பேச்சு மாறவில்லை. தூக்கமும் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து, திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பார்.

நான் அப்போது தபால் வழியில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பேச்சைக் கேட்டே மனதின் ஆழத்தைத் தேடும் உளப்பகுப்பாய்வு என்ற முறையை உருவாக்கிய ஃப்ராய்டு, பாடப்புத்தகத்தில் சில பக்கங்களில் முடிந்துபோவார். எனக்கு அது போதவில்லை. ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் அவருடைய ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பின் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 'துக்கமும் மெலன்கோலியாவும்' என்பது அதன் தலைப்பு. மெலன்கோலியா என்றால் ஆழ்ந்த மனச்சோர்வு. ஆங்கில மொழிபெயர்ப்பில் இருபது பக்கம் சொச்சம். உளப்பகுப்பாய்வை மாற்றிப்போட்ட கட்டுரைகள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் இது அதில் இருக்கும். அம்மா தூங்காத இரவுகளில் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதைத்தான் படித்தேன். டப்பா இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கட்டுரை எழுதப்பட்டது 1915-இல். வியன்னாவில், முதல் உலகப் போரின் நடுவில். மகன்கள் ராணுவத்தில் இருந்தார்கள், ஆலோசனைக்கு வருகிற ஆட்கள் குறைந்துபோனார்கள், கடிதங்கள் தாமதமாகவே வந்தன. ஃப்ராய்டுக்கு வயது ஐம்பத்தொன்பது. கையில் நிறைய நேரம். அந்தச் சில மாதங்களில் பன்னிரண்டு கட்டுரைகளை எழுதித் தள்ளினார். மனம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அடித்தளம் போடும் ஒரே புத்தகமாக அவற்றைக் கொண்டுவரத் திட்டம். கடைசியில் ஐந்து மட்டுமே அச்சேறின. மற்ற ஏழும் காணாமல் போயின. அநேகமாக அவரே கிழித்துப்போட்டிருப்பார். ஏழில் ஒன்றின் வரைவு மட்டும் 1983-இல், அவருடைய நண்பரும் சக பகுப்பாய்வாளருமான ஃபெரன்சியின் பழைய தாள்களுக்கு நடுவே கிடைத்தது. தப்பிப் பிழைத்த ஐந்தில் ஒன்றுதான் இந்தக் கட்டுரை. அச்சில் வந்தது 1917-இல்.

கட்டுரை மிக அமைதியாகத் தொடங்குகிறது. எல்லா மெலன்கோலியாவும் ஒன்றல்ல, சிலவற்றுக்கு உடம்பு சார்ந்த காரணம் இருக்கக்கூடும், தான் பார்த்த சிலரை வைத்தே பேசுவதாக அவரே முதலில் சொல்லிவிடுகிறார். அப்புறம் துக்கத்துக்கு வருகிறார். அன்புக்குரியவரோ, தாய்நாடோ, சுதந்திரமோ, ஒரு லட்சியமோ கைவிட்டுப் போகும்போது மனம் காட்டும் எதிர்வினை அது. உலகத்தில் எதிலும் பிடிப்பு இல்லாமல் போகிறது, புதிதாக யாரையும் நேசிக்க முடிவதில்லை. ஆனாலும் அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை, அதில் கைவைப்பதும் பயனற்றது, கெடுதலாகக்கூட முடியலாம் என்கிறார்.

துக்கப்படுவதை அவர் ஒரு வேலை என்கிறார். அழுவதும் சோர்ந்து கிடப்பதும் வெளியே தெரிவது. உள்ளே ஒரு வேலை நடக்கிறது. ஆள் இல்லை என்று நிஜம் சொல்கிறது. மனம் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அதனால் ஒவ்வொரு நினைவாக, ஒவ்வொரு எதிர்பார்ப்பாக எடுத்து, 'இதுவும் இனி இல்லை' என்று தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லவேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கேட் சத்தத்தை எதிர்பார்க்கும் காது ஒரு தனி வழக்கு. இரண்டு டம்ளர் எடுக்கும் கை இன்னொரு வழக்கு. இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று விளக்குவது எளிதல்ல என்று ஃப்ராய்டு அங்கே நின்று ஒத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற மனிதர் என்று நான் நினைத்திருந்தவர் அப்படி நின்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மெலன்கோலியா வேறு. அதிலும் இதே அறிகுறிகள் உண்டு, கூடவே ஒன்று சேர்ந்துகொள்கிறது: தன்மதிப்பு சரிந்துபோவது. துக்கத்தில் உலகம் காலியாகிறது, மெலன்கோலியாவில் 'நான்' காலியாகிறது. யாரை இழந்தோம் என்பது மெலன்கோலியாவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கலாம், போனவரிடத்தில் எதை இழந்தோம் என்பது தெரியாது.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் படிக்கும்போது ஈகோ என்று ஒரு லத்தீன் சொல் குறுக்கே வந்து நிற்கிறது. ஃப்ராய்டு எழுதிய ஜெர்மனில் அது வெறும் 'இஹ்', அதாவது 'நான்'. தமிழில் 'நான்' என்றே எழுதினால் அவருக்குப் பக்கத்தில் போய்விடலாம். நேசிக்கப்படும் ஆளை அவர் ஆப்ஜெக்ட் என்று சொல்வது முதலில் உறுத்தும், மனிதரைப் போய் ஜடமாக்குகிறாரே என்று. அதைப் பொருள் என்று தமிழில் வைத்துப் படித்தபோது எனக்கு உறுத்தல் குறைந்தது. நமக்குப் பொருள் என்றால் அர்த்தமும்தான். யாரை இழந்தோம் என்று தெரிந்தும் எதை இழந்தோம் என்று தெரியாமல் தவிப்பவர் இழந்திருப்பது அந்தப் பொருளைத்தான்.

சரி, தன்மதிப்பு ஏன் சரிகிறது? இதற்கு ஃப்ராய்டு சொன்ன பதிலுக்காகத்தான் கட்டுரை இத்தனை காலம் நிற்கிறது. தன்னைத் தூற்றிக்கொள்ளும் மனிதரோடு வாதாடாதீர்கள் என்கிறார். 'நீங்கள் நல்லவர்' என்று மறுத்துச் சொல்வதில் பயனில்லை. அவர் ஏதோ ஒரு விதத்தில் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் கவனித்துப் பாருங்கள், அவருக்கு வெட்கமே இல்லை. உண்மையாகவே குற்ற உணர்வில் குன்றிப்போனவர் வாயை மூடிக்கொண்டு மூலையில் கிடப்பார். இவரோ போகிற வருகிறவரிடமெல்லாம் தன் குறையை எடுத்துச் சொல்கிறார். ஒரு கட்சிக்காரர் வழக்கை எடுத்துவைப்பது போல. பொறுமையாகக் கேட்டால், அந்தக் குற்றச்சாட்டுகள் சொல்பவருக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. கொஞ்சம் மாற்றினால் வேறொருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவர் நேசிக்கிற, நேசித்த, அல்லது நேசித்திருக்கவேண்டிய ஒருவருக்கு.

ஃப்ராய்டு ஒரு உதாரணம் தருகிறார். 'என்னைப்போல் திராணியில்லாத மனைவியைக் கட்டிக்கொண்டு என் கணவர் பாவம்' என்று ஊருக்கே கேட்கும்படி புலம்பும் பெண், உண்மையில் கணவனின் திராணியின்மையைத்தான் சொல்கிறாள். ஜெர்மனில் இதற்கு ஒரு சொல்லாட்டம் கைகொடுக்கிறது. க்ளாகன் என்றால் புலம்பல்கள். ஆன்க்ளாகன் என்றால் குற்றச்சாட்டுகள். புலம்பல் எல்லாம் குற்றச்சாட்டே. ஆளோ போய்விட்டார், அவர் மேலிருந்த கோபம் போக இடமில்லை. இழந்தவரை மனம் உள்ளே கொண்டுவந்து தானாகவே ஆக்கிக்கொள்கிறது, பிறகு அந்தத் 'தானை' அடிக்கிறது. பொருளின் நிழல் 'நான்' மீது விழுந்தது என்று எழுதுகிறார். உளப்பகுப்பாய்வில் இந்த அளவுக்கு எடுத்தாளப்பட்ட வாக்கியங்கள் சொற்பமே.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாள்களைக் கீழே வைத்தேன். 'பொறுப்பில்லாதவ. நேரத்துக்குச் செய்ய மாட்டேன். சொன்னாலும் மண்டையில ஏறாது.' முப்பத்தொரு வருஷம் மணிக்கு முன்னால் வகுப்புக்குப் போனவர் இதைச் சொல்கிறார். இது யாருடைய வருணனை என்று எனக்குத் தெரியும். அப்பா எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவர் கல்யாணத்துக்கே அவர் தாமதம் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சர்க்கரை நோய் வந்த பிறகு நூறு தடவை சொல்லியும் மண்டையில் ஏறாதவர் அப்பாதான்.

படித்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. 'நீங்கள் உண்மையில் அப்பாவைத் திட்டுகிறீர்கள்' என்று ஒருவரிடம் போய்ச் சொல்வது பகுப்பாய்வு ஆகாது, அடாவடித்தனம். நான் செய்தது ஒன்றே ஒன்று. அம்மா தன்னைத் திட்டிக்கொள்ளும்போது "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "ம், சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கினேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, அப்பாவின் பீரோவை ஒழிக்க உட்கார்ந்தோம். வேட்டிகளுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். மூடி இறுகிப்போயிருந்தது, ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். உள்ளே மாத்திரைகள். வெள்ளை வெள்ளையாக, ஓரம் பொடிந்து, ஒன்றிரண்டு மஞ்சள் பூத்து. காலையும் இரவும் அம்மா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீரும் கொண்டுபோய் நீட்டுவார். அப்பா மாத்திரையை வாங்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்திருக்கிறார்.

அம்மா டின்னைத் தரையில் கவிழ்த்தார். பத்துப் பத்தாக வரிசை பிரித்து எண்ணினார், கணக்கு டீச்சர் எண்ணுவது போலவே. நூற்று நாற்பத்து மூன்று. கடைசி மூன்றைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பாவி மனுஷா" என்றார். "கையில தண்ணிய வச்சுக்கிட்டு எதிர்ல நின்னேனேய்யா." அப்புறம் ஒரு மணி நேரம் அப்பாவைத் திட்டித் தீர்த்தார். கல்யாணத்துக்குத் தாமதமாக வந்ததிலிருந்து ஆரம்பித்து. நான் கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்பா இறந்த அன்று எதிர்வீட்டுப் பாட்டி வந்து, "பாதி வழியில விட்டுட்டுப் போயிட்டியே, இது நியாயமா ராசா" என்று ஒப்பாரி வைத்தபோது, "இதெல்லாம் வேண்டாம், அமைதியா இருக்கட்டும்" என்று நிறுத்தச் சொன்னதும் அம்மாதான். பாட்டி அப்பாவின் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்ட கேள்வி, அம்மாவுக்கு ஏழு மாதம் சுற்றிக்கொண்டு வந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனோம், தூக்கத்துக்கும் சோர்வுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. எல்லா மனச்சோர்வும் உள்ளே திரும்பிய கோபம் என்று நான் நம்பவும் இல்லை. ஃப்ராய்டே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'நான் பொறுப்பில்லாதவ' என்ற வாக்கியம் அதற்குப் பிறகு குறைந்தது. அதன் இடத்தில் 'அவர் இருந்தாரே' என்று தொடங்கும் வாக்கியங்கள் வந்தன.

அதன் பிறகு எனக்கு ஒரு தாகம் பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டுரைக்கு அப்புறம் யார் என்ன எழுதினார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. ஃப்ராய்டு சொன்னதில் பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. புலம்பலுக்குள் குற்றச்சாட்டு இருக்கிறது என்பது நின்றது. துக்க வேலை ஒருநாள் முடிந்துவிடும், 'நான்' மறுபடியும் விடுதலையாகும், அன்பை வேறொருவரிடம் வைக்கலாம் என்று சொன்னாரே, அது நிற்கவில்லை. அதைத் தகர்த்ததில் வேறு அறிஞர்களின் வாதத்துக்கு இருக்கும் பங்கைவிட அவர் வீட்டில் விழுந்த சாவுகளுக்குப் பங்கு அதிகம்.

இந்தக் கட்டுரையை எழுதியபோது ஃப்ராய்டு சாவு தெரியாதவர் அல்ல. அப்பா 1896-இல் இறந்தபோது அது அவரை உலுக்கியது, கனவுகளைப் பற்றிய அவருடைய பெரிய புத்தகமே அந்த இழப்பின் எதிர்வினை என்று பின்னாளில் அவரே எழுதினார். ஆனாலும் அப்பா போவது உலக வழக்கம். பிள்ளை போவது வேறு.

அவருடைய மகள் சோஃபி ஹாம்பர்கில் வாழ்ந்தார். கட்டுரை எழுதிய அதே 1915-இல் ஃப்ராய்டு அங்கே சில வாரம் தங்கினார். சோஃபியின் மகன் எர்ன்ஸ்டுக்கு ஒன்றரை வயது. அம்மா வெளியே போனால் அழாத சமர்த்துப் பிள்ளை. அவனிடம் ஒரு மரக்கட்டை நூல்கண்டு, அதில் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திரை போட்ட தன் கட்டிலுக்குள் கண்டை எறிவான். அது மறைந்ததும் "ஓ...ஓ" என்பான். 'ஃபோர்ட்', போயிடுச்சு என்று சொல்ல முயல்கிறான். பிறகு கயிற்றை இழுப்பான். கண்டு வெளியே வந்ததும் "டா!" இதோ! தன்னை விட்டுப் போகும் அம்மாவைத் தானே அனுப்பிவைத்துத் தானே வரவழைக்கிறான் என்று தாத்தா புரிந்துகொண்டார்.

1920 ஜனவரி 25. போருக்குப் பின் பரவிய அந்தக் கொடிய காய்ச்சலில் சோஃபி இறந்தார். வயது இருபத்தாறு, வயிற்றில் மூன்றாவது பிள்ளை. வியன்னாவிலிருந்து ரயில் கிடையாது. பெற்றவர்களால் மகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆற்றவே முடியாத அடி என்று ஃபெரன்சிக்கு எழுதினார் ஃப்ராய்டு. துக்கம் தானாக முடியும் என்று எழுதி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு வெளிவந்த 'இன்ப நியதிக்கு அப்பால்' என்ற நூலில் நூல்கண்டு விளையாட்டு வருகிறது. பையன் யார் என்று சொல்லவில்லை. தன் பேரன் என்ற ஒரு வார்த்தை இல்லை. அதில் ஒரு அடிக்குறிப்பு: இந்தக் குழந்தைக்கு ஐந்தே முக்கால் வயதானபோது அவன் தாய் இறந்தாள், அவள் நிஜமாகவே 'போய்விட்டபோது' பையன் துக்கத்தின் அடையாளம் எதையும் காட்டவில்லை. அவ்வளவுதான். 'அவன் தாய்' என்று யாரோ ஒருத்தியைப் போலச் சொல்லப்படுகிறவள், எழுதுகிறவரின் சொந்த மகள். அந்த அடிக்குறிப்பை நான் பல தடவை படித்துவிட்டேன். மகளின் சாவைத் தன் எழுத்துக்குள் எங்காவது வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. மகள் என்று எழுதவும் முடியவில்லை. நூலில் வரும் மரண உந்துதல், அதாவது உயிருக்குள்ளேயே அழிவை நோக்கி இழுக்கும் ஒன்று உண்டு என்ற கருத்து, மகள் இறந்ததால் வந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையும் இருந்திருக்கிறது. அவள் நன்றாக இருந்தபோதே இதில் பாதி எழுதியாகிவிட்டது என்பதற்கு நீங்கள் சாட்சி என்று நண்பர் ஐட்டிங்கனுக்குக் கடிதம் எழுதினார்.

சோஃபியின் இளைய மகன் ஹைன்ஸ், செல்லமாக ஹைனலெ. அவனை வியன்னாவுக்கு அழைத்துவந்து பெரியம்மா மத்தில்டே வளர்த்தார். 1923 ஏப்ரலில் ஃப்ராய்டின் வாயில் முதல் அறுவை, பின்னால் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதே சமயத்தில் பேரனுக்கும் டான்சில் எடுத்திருந்தார்கள். இருவருக்கும் வாயில் புண். "நான் இப்பவே ரொட்டி ஓரமெல்லாம் சாப்பிடுறேன், நீங்க?" என்று பையன் தாத்தாவிடம் கேட்டானாம். அந்த ஜூன் மாதம் காசநோயில் ஹைனலெ இறந்தான். நான்கரை வயது. ஃப்ராய்டு அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று எழுதுகிறார் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ். அதற்குப் பிறகு புதிதாக யாரிடமும் பாசம் வைக்க முடியவில்லை என்று ஃப்ராய்டே சொல்லியிருக்கிறார். 1915 கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் எழுதிய அறிகுறி அதே.

1923-இல் வந்த 'நானும் அதுவும்' நூலில் அவர் பழைய கட்டுரையைத் திருத்தவும் செய்தார். இழந்தவரை உள்ளே கொண்டுவந்து தானாக்கிக்கொள்வது மெலன்கோலியாவில் மட்டும் நடப்பது என்று முன்பு நினைத்ததாகவும், அது எவ்வளவு பொதுவானது என்பது அப்போது தெரியவில்லை என்றும் ஒத்துக்கொள்கிறார். ஒருவருடைய குணம் என்பதே அவர் கைவிடவேண்டிவந்த அன்புகள் படிந்து உண்டானது. அப்படியானால் 'விட்டுவிடுவது' என்று ஒன்று எங்கே இருக்கிறது? விட்டவர்கள் எல்லாம் நாமாகி அல்லவா இருக்கிறார்கள்.

1929 ஏப்ரலில், மகனை இழந்திருந்த சுவிஸ் மருத்துவர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் அதை அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இறந்த மகள் இருந்திருந்தால் அவளுக்கு இன்று முப்பத்தாறு வயது என்று குறிப்பிட்டு, துக்கத்தின் கடுமை தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, ஈடும் கிடைக்காது என்கிறார். அந்த இடத்தை எது நிரப்பினாலும், முழுக்க நிரப்பினாலும், அது வேறொன்றுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், விட்டுவிட விரும்பாத அந்த அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றே வழி என்கிறார். கட்டுரையாக அவர் இதை எழுதவே இல்லை. ஒரு நண்பருக்குக் கடிதமாகத்தான் எழுத முடிந்திருக்கிறது. 1917-இல் அச்சான இருபது பக்கத்தோடு இந்தக் கடிதத்தையும் சேர்த்து ஒன்றாகக் கட்டிப் படிக்கக் கொடுக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தவர் கார்ல் ஆபிரகாம். பெர்லினில் ஃப்ராய்டின் முக்கியமான சீடர், மெலன்கோலியாவைப் பற்றி அவருக்கு முன்பே எழுதியவர். 1924-இல் வெளியிட்ட ஆய்வில், தன் அப்பா இறந்தபோது தன் தலைமுடி மளமளவென்று நரைத்ததையும், சில மாதத்தில் திரும்பக் கறுத்ததையும் பதிவுசெய்கிறார். கடைசியாகப் பார்த்தபோது அப்பாவின் தலை வெளுத்துப்போயிருந்தது. கொஞ்ச நாள் அப்பாவைத் தலையில் சுமந்திருக்கிறார். சாதாரண துக்கத்திலும் இழந்தவரை உள்ளே கொண்டுவருகிறோம் என்று சொல்ல அவர் காட்டிய சாட்சி தன் முடிதான்.

ஆபிரகாமிடம் பகுப்பாய்வுக்குப் போனவர் மெலனி க்ளைன். 1926-இல் லண்டனில் குடியேறினார். 1934 ஏப்ரலில் அவருடைய மகன் ஹான்ஸ் டாட்ரா மலையில் நடக்கப்போனபோது பாதை சரிந்து இறந்தார், வயது இருபத்தேழு. புடாபெஸ்டில் நடந்த அடக்கத்துக்குக்கூடப் போக முடியாத நிலையில் இருந்தார் தாய். நான்கே மாதத்தில், லூசர்னில் நடந்த மாநாட்டில், மனச்சோர்வைப் பற்றிய தன் முக்கியமான கட்டுரையின் முதல் வடிவத்தை வாசித்தார். 1940-இல் 'துக்கமும், பித்து-சோர்வு நிலைகளோடு அதற்குள்ள தொடர்பும்' வெளியானது. அதில் திருமதி ஏ என்று ஒரு பெண் வருகிறார். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது திடீரென்று இறந்துபோன பையனின் தாய். விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, ஆனால் அந்தத் திருமதி ஏ மெலனி க்ளைன்தான்.

திருமதி ஏ முதல் வாரத்தில் கடிதங்களைப் பிரிக்கிறார். மகனுடைய கடிதங்களை எடுத்துவைக்கிறார், மற்றதை எல்லாம் வீசுகிறார். அதிகம் அழவில்லை. சில வாரம் கழித்து ஒருநாள் பழகிய தெருவில் நடக்கும்போது வீடுகள் அந்நியமாகத் தெரிகின்றன, வெயில் பொய்யாகத் தெரிகிறது, கூட்டம் மூச்சை முட்டுகிறது. ஒரு அமைதியான உணவகத்துக்குள் ஒதுங்குகிறார். அங்கே உட்கார்ந்தால் கூரை தலையில் இறங்குவது போலிருக்கிறது, உட்கார்ந்திருப்பவர்களின் உருவம் கலங்குகிறது. இந்தப் பத்தியில் கோட்பாடு எதுவும் இல்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் லண்டன் தெருவில் நடந்த விதம் மட்டும் இருக்கிறது.

க்ளைன் சொல்வது: இறந்தவரை மட்டும் நாம் இழப்பதில்லை. சின்ன வயதிலிருந்து மனதுக்குள் நாம் கட்டிவைத்த நல்லவர்கள் எல்லோரும், அம்மா அப்பா உட்பட, அந்த இடிபாட்டில் சேர்ந்து சரிகிறார்கள். அதனால்தான் ஒரு சாவில் வீடே இடிந்ததுபோல் இருக்கிறது. துக்க வேலை என்பது அந்த உள்வீட்டைத் திரும்பக் கட்டுவது, போனவருக்கும் அதில் இடம் வைத்து. துக்கம் நோயல்ல என்று ஃப்ராய்டு சொன்னதை அவர் மறுக்கவும் செய்கிறார். துக்கப்படுகிறவர் நோயாளிதான், எல்லோருக்கும் வருவதால் நாம் அதை நோய் என்று சொல்வதில்லை என்கிறார். துக்கத்தில் இருப்பவர்கள் சிலர் வீட்டை ஒழுங்குபடுத்துவார்கள், சாமான்களை இடம் மாற்றி வைப்பார்கள் என்றும் போகிற போக்கில் ஒரு வரி. அதைப் படித்தபோது விடிகாலை மூன்று மணியின் டப்பா சத்தம் எனக்குத் திரும்பக் கேட்டது.

இன்னும் பலர் எழுதினார்கள். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் பௌல்பி 1960-இல், கைக்குழந்தையும் துக்கப்படும் என்று எழுதியபோது ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டே எதிர்த்து எழுதினார். இன்று பௌல்பியின் பக்கம்தான் உலகம் நிற்கிறது. பிரான்சில் ஆந்த்ரே க்ரீன், உயிரோடு இருந்தும் தன் சோகத்துக்குள் புதைந்துபோன தாயை 'இறந்த தாய்' என்று அழைத்து ஒரு கட்டுரை எழுதினார், தனியாக எழுதவேண்டிய அளவுக்குக் கனமானது. எல்லோருமே அந்த இருபது பக்கத்தோடு பேசுகிறார்கள், மறுத்தாலும் அதன் சொற்களில் மறுக்கிறார்கள்.

போன மாதம் ஒரு மாலை அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கோட்பாடு எதுவும் இல்லாமல், சோஃபியின் கதையை. 1933-இல் அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் வியன்னாவில் ஃப்ராய்டிடம் வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒருநாள் போருக்குப் பிந்தைய அந்தக் காய்ச்சலைப் பற்றிப் பேச்சு வந்தது. தன் செல்ல மகளை அதில் இழந்ததாகச் சொன்ன ஃப்ராய்டு, "இங்கே இருக்கிறாள்" என்று தன் கடிகாரச் சங்கிலியில் கோத்திருந்த ஒரு சின்ன லாக்கெட்டைக் காட்டினார். மகள் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா கழுத்துச் சங்கிலியை விரலால் நெருடிக்கொண்டே கேட்டார். பிஸ்கட் டின் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மாத்திரைகளைக் கொட்டிவிட்டு டின்னை மட்டும் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் என்ன ஆனான்? கயிறு கட்டி விளையாடினானே, பெரியவன்" என்று கேட்டார்.

சித்தி அன்னா அவனை அரவணைத்துக்கொண்டதையும், வளர்ந்து அம்மா வழிக் குடும்பப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு அவரும் பகுப்பாய்வாளர் ஆனதையும் சொன்னேன். குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில்தான் அவருக்கு அக்கறை. பிறந்த உடனே தாயிடமிருந்து பிரிக்கப்படும் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் இருக்கவேண்டும் என்று எழுதினார், 2008-இல் இறந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. என் தம்பி ஏழாம் மாதத்தில் பிறந்தவன்.

"பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க" என்றார். "வெளிய நின்னு பாக்கலாம்னு சொன்னாங்க, தொட விடல. ஒரு நர்ஸம்மா மட்டும் ராத்திரி யாரும் இல்லாதப்ப பெட்டியில இருக்கற அந்த ஓட்டை வழியா என் கைய விடச் சொன்னாங்க. விரல புடிச்சுக்கிட்டான்."